இரண்டாவது தீ

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
லாரிகளை அணைக்காமல் விட்டுவிட்டு
உள்ளே வந்திருக்கிறார்கள்.
வடக்கு டகோட்டாவில் ஒரு தானியக் கூட்டுறவுச் சங்கம்,
அதன் பின்னறை, ஏழு இயக்குநர்கள்,
ஒரு தட்டு எலுமிச்சைக் கேக்.
பிறக்காத ஒரு கம்பெனி
எங்கே பிறக்கலாம் என்று பேச்சு.
ஆலோசகரின் பை தூக்கி வந்தவன் நான்.
பைக்குள் இருந்த எண்களும் என்னுடையவை.

கோதுமைத் தூசி வெடிக்கும் என்பது
ரொட்டி தின்பவர்களுக்குத் தெரியாது.
காப்பீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.
மூன்று வருடத்தில் பிரீமியம் மூன்று மடங்கு.
நான்காவது வருடம் ஒரு கடிதம்,
அச்சடித்த கையெழுத்தோடு, மிக மரியாதையாக:
இனி உங்கள் கோபுரங்களைச் சுமப்பதற்கில்லை.

அப்படியானால் நம் பயத்தை
நாமே விலைக்கு வாங்கிக்கொள்வோம் என்றாள்
பொருளாளர் ஆர்டிஸ் பிரெக்கி.
நம் பணம், நம் கம்பெனி, நம் நெருப்பு.
அதற்கு அவர்கள் மொழியில் கேப்டிவ் என்று பெயர்.
சிறைப்பட்டது.
"யார் யாரைப் பிடித்து வைத்திருக்கிறோம்?"
என்று கேட்டார் வெர்லின் டோலஃப்ஸன்.
நகைச்சுவைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆலோசகர் சுவரில் அமெரிக்காவை ஏற்றினார்.
பொருத்தம் பார்க்கத் தொடங்கினோம்.
யூட்டா: பிரீமியத்துக்கு வரி இல்லை,
வருடத்துக்கொரு கட்டணம்.
வெர்மான்ட்: வரி உண்டு, அனுபவம் உண்டு,
ஆண்டுக் கூட்டத்துக்கு நேரில் போகவேண்டும்,
போனால் அங்கேயும் பனி.
ஹவாய்: அங்கும் நேரில் போகவேண்டும்.
இதை அவர் ஒரு தண்டனையைப் போல வாசித்தார்.
அறைக்குள் முதல்முறையாக வெயில் அடித்தது.

"சொந்த மாநிலத்திலேயே வைத்தால் என்ன?"
"இங்கே நம்மை எல்லோருக்கும் தெரியும்.
அதுதான் சிக்கல்" என்றாள் ஆர்டிஸ்.

பிறகு அவள் கைப்பையிலிருந்து
நான்காய் மடித்த ஒரு தாளை எடுத்தாள்.
திங்கட்கிழமை நான்கு மாநிலங்களுக்குத்
தானே போன் செய்திருக்கிறாள்,
எங்களிடம் சொல்லாமல்.
ஒன்று, எண் ஏழை அழுத்தச் சொல்லி
இசையில் நிறுத்திவைத்தது.
ஒன்று, பிரீமியம் எவ்வளவு என்று கேட்டது.
ஒன்று வாழ்த்தியது, எதற்கென்று தெரியவில்லை.
நான்காவதில், மாலை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க,
கோலெட் தெரியோ என்றொரு பெண்
முதல் மணியிலேயே எடுத்தாள். கேட்டாள்:

தீப்பிடித்தபோது உள்ளே யாராவது இருந்தார்களா?
அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள்?
அதே வருடம் இரண்டாவதும் எரிந்தால்
எந்தப் பையிலிருந்து கொடுப்பீர்கள்?

ஆர்டிஸுக்குப் பதில் இல்லை.
"பதில் கிடைத்ததும் வாருங்கள், அவசரமில்லை"
என்றாளாம் அந்தப் பெண்.

லைல் ஸ்கோக்ஸ்டாட்
அதுவரை வாயே திறக்கவில்லை.
காப்பிக் கோப்பையை
இரண்டு மணிக்கட்டுகளால் பிடித்திருந்தார்.
விரல்கள் மூன்றாம் எண் கோபுரத்தோடு போயின.
ஐந்து வருடமாக எத்தனையோ படிவங்கள் அவரிடம் வந்தன,
அவற்றில் ஒன்றுகூட 'உள்ளே' என்ற சொல்லைக் கேட்டதில்லை.
கோப்பையை வைத்தார்.
"அந்தப் பொம்பளையிடமே போவோம்."

கை தூக்கினார்கள். ஆறு வெர்மான்ட், ஒன்று ஹவாய்.
"வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்,
வாக்கைப் போட்டுக் காப்பாற்றினேன்"
என்று வெர்லின் கேக்கை எடுத்துக்கொண்டார்.
அவர் சொன்னதை என் மொழியில் எழுதும்போதுதான்
அது இப்படி இரண்டாக விரிகிறது.

சிறையும் அப்படித்தான்.
பழைய தமிழில் அது பூட்டிய இடம்,
பறவையின் இறக்கை,
வெள்ளத்தை மறிக்கும் கரையும்கூட.
எதைப் பதிவுசெய்யப் போகிறார்கள் என்று
படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.

ஆலோசகர் அமெரிக்காவைச் சுருட்டினார்.
அவர் பட்டியலில் வரி விகிதத்துக்கு இடமிருந்தது,
போனை எடுப்பவருக்கு இல்லை.
என் கணக்கில் இரண்டாவது தீ
ஆயிரத்தில் மூன்று.
அதை லைலுக்கு முன்னால் சொல்ல
எனக்கு நா எழவில்லை.

வாசலில் அவருடைய கையுறைகளை
ஆர்டிஸ் பிடித்துக்கொண்டிருந்தாள்,
அவர் கைகளை உள்ளே விட.
மேஜைமேல் அவளுடைய தாள் கிடந்தது:
'இரண்டாவது தீ' என்று எழுதி,
இரண்டு முறை அடிக்கோடிட்டு,
எதிரே டாலர் குறி மட்டும் போட்டு.